மெய்யியலார் வழி: ஹைடல்பர்க் குன்றுப் பாதை புகட்டும் பாடம்

கல்வி நாடிப் பயணம் மேற்கொள்வதை அரபு மொழியில் 'ரிஹ்லா' என்பர். அப்பயணத்தில் வகுப்பறை ஒரு பகுதியே. சென்று தங்கும் ஊரின் தெருவும் ஆறும் மலையும் எஞ்சிய பகுதியைக் கற்பிக்கின்றன. வெளிநாடு செல்லும் மாணவர் பலர் விடுதிக்கும் நூலகத்துக்கும் இடையிலேயே நடந்து, பட்டத்தோடு திரும்பிவிடுகின்றனர். அவர்கள் இழப்பது யாது என்பதை, ஜெர்மனி நாட்டு ஹைடல்பர்க் நகரின் குன்றுப் பாதை ஒன்றைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாதையும் பெயரும்

நெக்கர் ஆற்றின் தென்கரையில் பழைய நகரம் அமைந்துள்ளது. வடகரையில் ஏறத்தாழ 440 மீட்டர் உயரமுள்ள ஹைலிகன்பெர்க் குன்று நிற்கின்றது. பழம்பாலத்தைக் கடந்ததும் 'பாம்புப் பாதை' தொடங்கும். இருமருங்கும் மதில் உயர்ந்து நிற்க, கற்படிகள் வளைந்து வளைந்து செங்குத்தாக ஏறுகின்றன. மூச்சு வாங்க ஏறி முடித்தால், குன்றின் சரிவை ஒட்டிச் செல்லும் பாதையொன்றை அடையலாம். சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள அதுவே 'மெய்யியலார் வழி'. தெற்கு நோக்கிய சரிவாதலால் வெயில் நன்கு விழும். குளிர்நாடாயினும் அங்கே வாதுமையும் அத்தியும் வளர்கின்றன.

பெயரைக் கேட்போர், பேரறிஞர் சிலர் உலவிய இடம் என எண்ணக்கூடும். முற்காலத்தில் சட்டமோ மருத்துவமோ சமயவியலோ பயில விழைந்தோர் முதலில் மெய்யியல் கற்க வேண்டும். ஆதலின் மாணவர் அனைவரையுமே மெய்யியலார் என அழைத்தனர். தனிமை நாடி அம்மாணவர் நடந்த வழியாதலின் இப்பெயர் எய்திற்று என்பர்.

குன்றிலிருந்து காணும் மூன்று

அங்கு நின்று நோக்கின் மூன்று காட்சிகள் ஒருங்கே தோன்றும்.

முதலாவது, எதிர்மலைச் சரிவிலுள்ள செந்நிற மணற்கற்கோட்டை. 1689, 1693 ஆகிய ஆண்டுகளில் பிரெஞ்சுப் படைகள் அதனைத் தகர்த்தன. 1764இல் இடி விழுந்து எரிந்தது. இன்றும் அதன் பெரும்பகுதி இடிபாடாகவே நிற்கின்றது.

இரண்டாவது, ஆற்றின்மீது 1788இல் கட்டி முடிக்கப்பட்ட கற்பாலம். 1945 மார்ச்சில், பின்வாங்கிய ஜெர்மானியப் படையே அதன் ஒரு பகுதியை வெடிவைத்துத் தகர்த்தது. 1947இல் பாலம் மீண்டும் முழுமையுற்றது.

மூன்றாவது, தேவாலயக் கோபுரத்தைச் சூழ்ந்த கூரைகளுக்கிடையே 1386இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம். அத்தேவாலயத்தின் மாடங்களில் இருந்த புகழ்பெற்ற நூலகம், போரின் கொள்ளைப்பொருளாய் 1623இல் ரோமுக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1816இல் 847 ஜெர்மன் சுவடிகள் திரும்பின. போர்களால் நலிவுற்ற கழகத்துக்குப் பாடன் நாட்டு ஆட்சியாளர் கார்ல் பிரீட்ரிக் 1803இல் புத்துயிர் அளித்தார்.

அரசாட்சியின் சின்னம் இடிந்தபடியே நிற்க, கரைகளை இணைக்கும் பாலமும் தலைமுறைகளை இணைக்கும் கல்விக்கூடமும் மீண்டும் எழுந்தன. எஃதின்றி ஊர் வாழாது என்பதை அந்நகரத்தார் செயலால் உணர்த்தினர்.

கல்வி தடுமாறிய காலம்

எனினும் கல்வி என்ற பெயர் ஒன்றே காப்பாகிவிடாது. 1933 மே 17 அன்று, அதே பல்கலைக்கழகச் சதுக்கத்தில் நூல்கள் தீக்கிரையாயின. கழகக் கட்டடத்தின் முகப்பிலிருந்த 'வாழும் ஆன்மாவுக்கு' என்ற வாசகத்தை நாஜிகள் 'ஜெர்மானிய ஆன்மாவுக்கு' என மாற்றினர். யூதப் பெண்ணை மணந்திருந்த மெய்யியல் பேராசிரியர் கார்ல் யாஸ்பர்ஸ் 1937இல் பதவி நீக்கப்பட்டார். மெய்யியலார் வழிக்கும் மேலே, குன்றின் உயரத்தில், நாஜிகள் 1935இல் திறந்த திறந்தவெளி அரங்கு இன்றும் உள்ளது. உயரத்தில் நிற்போர் எல்லோரும் தெளிவாகக் காண்பவரல்லர் என்பதற்கு அதுவே சான்று. போருக்குப் பின் யாஸ்பர்ஸ் வகுப்பறைக்குத் திரும்பினார். பழைய வாசகமும் முகப்புக்குத் திரும்பிற்று.

ஆற்றங்கரையில் ஒரு மாணவர்

இக்குன்றின் அடிவாரத்தில், ஆற்றங்கரை வீடொன்றில், 1907இல் கீழை நாட்டு மாணவர் ஒருவர் தங்கினார். அவரே அல்லாமா இக்பால். கேம்பிரிட்ஜில் பயின்ற அவர், ம்யூனிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெறும் பொருட்டு ஜெர்மன் மொழி கற்க இங்கு வந்தார். எம்மா வேகநாஸ்ட் என்னும் ஆசிரியை அவருக்குக் கற்பித்தார். பாரசீகத்தில் மெய்ப்பொருளியல் வளர்ந்த வரலாறே அவர்தம் ஆய்வுப்பொருள். ஆயினும், நெக்கர் கரையின் மாலை அமைதியைப் பற்றி அவர் உருதுவில் எழுதிய சிறு கவிதை ஆய்வேட்டில் அடங்காதது. அது பின்னர் 1924இல் வெளிவந்த 'பாங்கெ தரா' தொகுப்பில் இடம்பெற்றது. ஆய்வேடு பட்டத்தைத் தந்தது. ஆற்றங்கரை கவிதையைத் தந்தது. அந்நகரத்தார் இன்று ஆற்றங்கரையின் ஒரு பகுதிக்கு அவர் பெயரையே சூட்டியுள்ளனர்.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் கடல் கடந்து கற்கச் செல்லலாம். சென்ற ஊரில் உயர்ந்த இடம் யாதென வினவி, ஒருநாள் கால்நடையாக ஏறுங்கள். அவ்வூர் எதனை இழந்தது, எதனை மீட்டது, எங்கே வழி தவறியது என்பதை அங்கிருந்து நோக்குங்கள். பின்னர் நம் ஊரையும் அதே கண்கொண்டு நோக்குங்கள். இங்கும் இடிந்தவை உண்டு. அவற்றுள் எதனை முதலில் எழுப்ப வேண்டும் என்பதைத் தேர்ந்தறியும் ஆற்றலே கல்வியின் பயனாகும்.