இத்தா முடிந்த பிறகும் ஏன் இந்தச் சிறை?

கணவனை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். கர்ப்பிணியாக இருந்தால் பிள்ளை பெறும் வரை இத்தா. முதல் சட்டத்தைத் திருக்குர்ஆனின் 2-வது அத்தியாயம் 234-வது வசனத்திலும், அடுத்ததை 65-வது அத்தியாயம் 4-வது வசனத்திலும் காணலாம். அல்லாஹ் வகுத்த இந்த அளவைக் குறைக்க நமக்கு அதிகாரமில்லை என்பதை நாம் நன்கு அறிவோம். கூட்டவும் அதிகாரமில்லை என்பதைத்தான் மறந்து விடுகின்றோம். இந்த மறதி ஒரு வீட்டில் என்ன செய்தது என்பதை, அது என் வீடாகவே இருந்ததனால், இங்கே எழுதத் துணிகின்றேன்.

1981-ஆம் ஆண்டு என் தங்கையின் கணவர் சாலை விபத்தில் மௌத்தானார். தங்கைக்கு அப்போது வயது 23. கையில் ஒன்றரை வயது மகன். இத்தாவை முறைப்படி இருந்து முடித்தாள். முடிந்த அன்று குளித்துவிட்டு வந்தவளிடம் எங்கள் மாமி, அதாவது வாப்பாவின் மூத்த சகோதரி, ஒரு புது வெள்ளைச் சேலையைக் கொடுத்தார்கள். இத்தாவிலும் வெள்ளை, இத்தா முடிந்தும் வெள்ளை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

1984-இல் என் தம்பியின் திருமணம். மணப்பெண்ணுக்குக் கருகமணி கட்டும் நேரம். பெண்கள் எல்லோரும் கூடத்தில் இருக்க, என் தங்கை மட்டும் அடுக்களை வாசலில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உம்மா, நீங்க ஏன் அங்கே போகல்ல?" என்று அந்தப் பிள்ளை கேட்டது, பந்தி வேலையாக அந்தப் பக்கம் போன என் காதில் விழுந்தது. அவள் பதில் சொல்லவில்லை.

அதே ஆண்டு பக்கத்து ஊரிலிருந்து, மனைவியை இழந்த ஒருவர் அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். வாப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்: "நம்ம குடும்பத்துல அந்த வழக்கம் இல்லை." ஐந்து நேரமும் ஜமாஅத்துடன் தொழுகின்ற நான், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றிரவு தங்கை என்னிடம் கேட்டாள்: "காக்கா, இது அல்லாஹ் போட்ட தடையா, நாம போட்ட தடையா?"

மறுநாள் சுபுஹு தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் இமாமிடம் அந்தக் கேள்வியைக் கொண்டு போனேன். அவர் நீண்ட பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. ஒரு ஸஹாபிப் பெண்மணியின் வரலாற்றை மட்டும் சொன்னார்.

ஸுபைஆ (ரலி) அவர்களின் கணவர் ஸஅது இப்னு கவ்லா (ரலி) பத்ருப் போரில் கலந்துகொண்டவர். ஹஜ்ஜத்துல் விதாவின்போது மக்காவில் காலமானார். அப்போது கர்ப்பிணியாக இருந்த ஸுபைஆ, சிறிது காலத்திலேயே பிள்ளை பெற்றார்கள். பிரசவத் தீட்டு நீங்கியதும், பெண் கேட்டு வருவோர் வரட்டும் என்று தம்மை அலங்கரித்துக்கொண்டார்கள். அதைக் கண்ட அபுஸ்ஸனாபில் என்பவர், நான்கு மாதம் பத்து நாள் கழியாமல் மறுமணம் கூடாது என்று கண்டித்தார். அந்த அம்மையார் அவரோடு வாதாடவுமில்லை. அழுதுகொண்டு மூலையில் உட்காரவுமில்லை. அன்று மாலையே உடையை உடுத்திக்கொண்டு நாயகம் (ஸல்) அவர்களிடம் நேரில் சென்று கேட்டார்கள். பிள்ளை பெற்றபோதே இத்தா முடிந்துவிட்டது, விரும்பினால் மணந்துகொள்ளலாம் என்று பெருமானார் தீர்ப்பளித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இச்சம்பவம் பதிவாகியுள்ளது.

வாசகர்களே! இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஸுபைஆ (ரலி) மீறியது அல்லாஹ்வின் சட்டத்தை அல்ல. சட்டத்தைப் பற்றி மற்றவர் கொண்டிருந்த தவறான எண்ணத்தைத்தான். அதையும் கேட்டுத் தெளிந்த பிறகே மீறினார்கள். வழக்கத்தை உடைக்க விரும்புகின்றவருக்கு இதுவே முதல் பாடம். கோபத்தினால் உடைப்பது வேறு. அறிந்து உடைப்பது வேறு.

இனி, இஸ்லாம் வருவதற்கு முன் அரபு நாட்டில் விதவையின் நிலை என்ன? ஒரு சிறு குடிசையில் அடைபட்டு, இருப்பதிலேயே மோசமான உடையை உடுத்தி, நறுமணம் தொடாமல் ஓராண்டு முழுவதும் கிடக்க வேண்டும். ஆண்டு முடிந்ததும் ஒரு சாணத் துண்டை எடுத்து எறிந்துவிட்டுத்தான் வெளியே வருவாள். மாண்டவரின் வாரிசுகள் அவளையும் சொத்தோடு சேர்த்துத் தம் உரிமையாக்கிக் கொள்வதும் உண்டு. 4-வது அத்தியாயத்தின் 19-வது வசனம் அதைத் தடுத்தது. அந்த ஓராண்டைத்தான் மார்க்கம் நான்கு மாதம் பத்து நாளாகச் சுருக்கிற்று. அதை நாம் ஆயுள் முழுவதற்கும் நீட்டினால், எந்தக் காலத்துக்குத் திரும்பிப் போகின்றோம்?

அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்களின் தந்தை அபூஸுஃப்யான் மரணித்தபோது, மூன்றாம் நாளில் அன்னையவர்கள் நறுமணம் வரவழைத்துப் பூசிக்கொண்டார்கள். தமக்கு அதில் நாட்டமில்லை என்றும், கணவனைத் தவிர வேறு எவருக்காகவும் மூன்று நாளுக்கு மேல் துக்கம் காப்பது ஆகாது என்று நாயகம் (ஸல்) கூறியதாலேயே அவ்வாறு செய்ததாகவும் விளக்கினார்கள். தந்தையின் மீது பாசமில்லாமலா? துக்கத்துக்கும் அல்லாஹ் எல்லை வைத்திருக்கின்றான் என்பதை ஊர் அறியச் செய்தார்கள்.

இவற்றையெல்லாம் வீட்டில் எடுத்துச் சொன்னபோது வாப்பா வெகுநேரம் பேசவில்லை. தங்கைக்கோ வேறொரு பயம். "பிள்ளையை அவர் எப்படி வச்சுக்குவாரோ?" என்றாள். அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்களுக்கும் இதே கவலை இருந்தது. உஹதில் பட்ட காயம் மீண்டும் முற்றி அபூஸலமா (ரலி) இறந்தபோது, அவரைவிடச் சிறந்தவர் யார் இருக்க முடியும் என்றே அன்னை நினைத்தார்கள். நாயகம் (ஸல்) பெண் கேட்டபோது, தமக்குப் பிள்ளைகள் இருப்பதைச் சொல்லித் தயங்கினார்கள். அந்தப் பிள்ளைகளுள் ஒருவரான உமர் பெருமானாரின் வீட்டிலேயே வளர்ந்தார். உண்ணும் தட்டில் அங்குமிங்கும் கைவிட்ட அந்தச் சிறுவருக்கு, பிஸ்மில்லாஹ் சொல்லி, வலக்கரத்தால், தன் பக்கத்திலிருப்பதை உண்ணுமாறு நாயகம் (ஸல்) கனிவோடு கற்றுக்கொடுத்தார்கள். இன்று நம் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் அந்த ஒழுக்கம், தந்தையை இழந்த ஒரு பிள்ளைக்குச் சொல்லப்பட்டதன் வழியாக நமக்கு வந்தது.

1985-இல் நிக்காஹ் நடந்தது. தங்கையின் சம்மதத்தைக் கேட்டறிந்து, வாப்பாவே வலியாக நின்று முடித்துக் கொடுத்தார்கள். உறவினர் சிலர் வரவில்லை. மாமியும் வரவில்லை. இரண்டு பெருநாட்கள் எங்கள் வீட்டு வாசலை அவர்கள் மிதிக்கவில்லை. அந்த வருத்தம் சிறியதல்ல. வழக்கத்தை மீறினால் விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது.

1991-ஆம் ஆண்டு மாமியின் பேத்தி கணவனை இழந்தாள். இத்தா முடிந்த சில நாட்களில் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் மாமி தாமாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தங்கையின் அருகில் உட்கார்ந்து, "அந்தப் புள்ளைக்கும் ஒரு நல்ல இடமாப் பாரும்மா" என்றார்கள். பழைய பேச்சு எதையும் இருவரும் எடுக்கவில்லை.

நம் இல்லங்களில் நினைவில் வைக்க வேண்டியவை சில:

1. நறுமணம், சுர்மா, நகை, அலங்கார உடை ஆகியவற்றைத் தவிர்ப்பது இத்தாவோடு முடிகிறது. அதற்குப் பிறகும் வெள்ளையே உடுத்த வேண்டும் என்பது மார்க்கச் சட்டமல்ல.

2. விதவையை மங்கல காரியங்களில் ஒதுக்கி வைப்பதற்கு மார்க்கத்தில் இடமே இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) நீங்கலாக நாயகத்தின் துணைவியர் அனைவரும் முன்பே மணமானவர்கள் அல்லவா?

3. இத்தாவில் இருப்பவளிடம் வெளிப்படையாக மணம் பேசலாகாது.

4. மறுமணத்துக்கு அவளைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. முன்பே மணமான கன்ஸா (ரலி) அவர்களை விருப்பமின்றித் தந்தை மணமுடித்துக் கொடுத்தபோது, நாயகம் (ஸல்) அந்த மணத்தை ரத்துச் செய்தார்கள். மணக்காமல் பிள்ளைகளோடு வாழ விரும்பினால் அதுவும் அவள் உரிமை.

5. ஊர் வழக்கம் எல்லாமே தவறல்ல. மார்க்கத்தோடு மோதாததை வைத்துக்கொள்ளலாம். எது மோதுகிறது என்று தெரியாவிட்டால், அறிந்தவரிடம் கேட்கலாம்.

என் தங்கை கேட்ட கேள்வியை நான் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, அந்த வெள்ளைச் சேலையைக் கண்ட அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் இருந்ததற்காக அல்லாஹ்விடம் மன்னிப்புத் தேடுகின்றேன். உங்கள் வீட்டின் அடுக்களை வாசலில் அப்படி யாரும் நின்றுகொண்டிருந்தால், அவள் கேட்கும் வரை காத்திராதீர்கள்.

மனிதருக்கு அஞ்சுவதை விடத் தனக்கு அஞ்சும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.