இந்த மாதப் பாடம்: மேலே போற ஓட்டு என்ன ஆகுது?



போன வருஷம் எங்கள் கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் கோரம் சேரவே மதியம் ஆகிவிட்டது. வந்தவர்கள் வரைக்கும் கைதூக்கி, சந்தாவை உயர்த்தித் தீர்மானம் போட்டோம். மூணு மாசம் கழிச்சு சந்தா கட்ட வந்த ஒரு அக்கா கோபமா கேட்டாங்க: "எங்களைக் கேட்காம இதை யாரு ஏத்தினது?" தீர்மானப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். அவங்க குழுப் பெயருக்கு நேரே கையெழுத்து இல்லை. அக்கா விடவில்லை. "நாங்க வந்திருந்தா மட்டும் மாத்தியிருப்பீங்களாக்கும்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. இதே கேள்வியை ஒரு பெரிய கண்டத்து மக்கள் நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. அதைத்தான் இந்த மாதம் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஐரோப்பிய ஒன்றியம். ஒன்றியம் என்றதும் நமக்கு பி.டி.ஓ. ஆபீஸ் ஞாபகம் வரும், இது அது இல்லை. 27 நாடுகள் சேர்ந்த கூட்டமைப்பு. ஆரம்பம் சின்னதுதான். இரண்டு உலகப் போரில் அடித்துக்கொண்ட நாடுகள், 1951-ல் பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் என்று ஆறு பேர் உட்கார்ந்து, நிலக்கரியையும் இரும்பையும் பொது நிர்வாகத்தில் வைப்போம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். பீரங்கி செய்ய இரும்பு வேணும், இரும்பு உருக்க கரி வேணும். இரண்டும் பொதுவில் இருந்தால் ஒருத்தருக்குத் தெரியாம இன்னொருத்தர் போருக்குத் தயாராக முடியாது. நல்ல யோசனைதானே?

பிறகு ஒவ்வொன்றாகப் பொதுவுக்குப் போயிற்று. விவசாய மானியம், வியாபார விதி, பல நாடுகளில் ரூபாய் நோட்டு மாதிரி அவர்களுடைய காசும்கூட. பொதுவில் ஒப்புக்கொண்ட விஷயங்களில் மேலே போடுகிற சட்டத்துக்கும் நாட்டுச் சட்டத்துக்கும் முரண் வந்தால், மேலே இருக்கிற சட்டமே செல்லும். தன் வீட்டு விஷயத்தைத் தானே முடிவு பண்ணும் உரிமையைத்தான் புத்தகத்தில் இறையாண்மை என்கிறார்கள். அதில் ஒரு பங்கைப் பொதுப் பெட்டியில் போட்டுவிட்டார்கள், நாம் சேமிப்பைப் போடுகிற மாதிரி.

சரி, பொதுப் பெட்டியின் சாவி யார் கையில்? மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒன்று உண்டு. முதல் தேர்தல் 1979-ல் நடந்தது. அப்போது 100 பேரில் 62 பேர் ஓட்டுப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலிலும் இறங்குமுகம்தான். 1999-ல் பாதிக்கும் கீழே போனது, 2014-ல் 43 பேருக்கும் குறைவு. விசித்திரம் என்னவென்றால், இந்த வருஷங்களில் அந்த நாடாளுமன்றத்தின் அதிகாரம் ஏறிக்கொண்டே வந்தது. அதிகாரம் ஏற ஏற ஓட்டு இறங்கியிருக்கு.

சுலோவாக்கியா என்று ஒரு சின்ன நாடு. 2003-ல் ஒன்றியத்தில் சேரலாமா என்று மக்களைக் கேட்டபோது, ஓட்டுப் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் 'சேரலாம்' என்றார்கள். அவ்வளவு ஆசை. அடுத்த வருஷமே ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல் வந்தது. வந்தவர்கள் 17 சதவீதம். 2014-ல் 13 சதவீதம்! அதே மக்கள் தங்கள் சொந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கு 2012-ல் 59 சதவீதம் வந்திருந்தார்கள். ஆக, சோம்பேறிகள் என்று அவர்களைச் சொல்ல முடியாது. எங்கே போட்டால் ஏதாவது நடக்கும் என்று நினைத்தார்களோ அங்கே வரிசையில் நின்றார்கள்.

நினைப்பு தப்பா? முழுசா தப்பு என்று எனக்குச் சொல்ல வரவில்லை. நம் ஊரில் ஓட்டுப் போட்டால் ஆட்சி மாறும். அங்கே அப்படி இல்லை. பொதுவாகச் சட்ட முன்வரைவைக் கொண்டுவரும் உரிமை ஆணையம் என்ற அமைப்புக்குத்தான் உண்டு. ஆணையத்தில் இருப்பவர்களை அந்தந்த நாட்டு அரசுகள் முன்மொழிகின்றன. நாடாளுமன்றம் அவர்களை மொத்தமாக ஏற்கலாம், மறுக்கலாம். இது போக, நாடுகளின் அமைச்சர்கள் கூடும் மன்றம் தனி. ஒரு சாதாரண மனுஷி தன் ஓட்டு எந்த வழியாகப் போய் எந்த முடிவாக வந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது.

செலவுக் கணக்குக்கு வருவோம். மேலமைப்பு காசைத் தின்னுது என்பது அங்கே ரொம்ப நாள் புகார். உண்மையில் ஒன்றியத்தின் வரவு செலவு மொத்த வருமானத்தில் சுமார் ஒரு சதவீதம். 100 ரூபாய் சம்பாதித்தால் ஒரு ரூபாய். அந்தந்த நாட்டு அரசுகளின் செலவோ 100-க்கு 50-ஐ ஒட்டி வரும். ஆக, ஆளை விழுங்குகிற செலவு இல்லை. ஆனால் ஒரு செலவைக் கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். அந்த நாடாளுமன்றத்தின் அன்றாட வேலை பெரும்பாலும் பெல்ஜியத்தில் பிரசெல்ஸ் நகரில். முழு அமர்வு மட்டும் வருஷத்துக்கு 12 தடவை பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் நடக்க வேண்டும் என்று ஒப்பந்தம். ஒவ்வொரு தடவையும் உறுப்பினர்களும் அலுவலர்களும் பெட்டி படுக்கையோடு 400 கிலோமீட்டருக்கு மேல் கிளம்பிப் போய், சில நாளில் திரும்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஊரில் வைத்தால் வருஷத்துக்கு 11 கோடியே 40 லட்சம் யூரோ மிச்சமாகும் என்று அவர்களுடைய தணிக்கை மன்றமே 2014-ல் கணக்குப் போட்டது. தலைக்குப் பிரித்தால் கால் யூரோகூட வராது. காசு பெரிசில்லை. ஆனால் எங்கே உட்காருவது என்பதை நாங்களே முடிவு பண்றோம் என்று 2013-ல் உறுப்பினர்கள் பெரும்பான்மையாகத் தீர்மானம் போட்டும் நடக்கவில்லை. ஒப்பந்தத்தைத் திருத்த எல்லா நாடும் ஒத்துக்கொள்ள வேண்டும், பிரான்சு ஒத்துக்கொள்ளாது. நாம தேர்ந்தெடுத்தவங்களுக்குத் தங்க நாற்காலியை நகர்த்தவே அதிகாரம் இல்லைன்னா, போய் ஓட்டுப் போட யாருக்கு மனசு வரும்?

இனி முக்கியமான இடம். ஒன்றியத்துக்கு ஒரு அரசியல் சாசனம் எழுதி, 2005-ல் சில நாடுகளில் மக்களிடமே நேரடியாக ஓட்டுக்கு விட்டார்கள். பிரான்சில் 69 சதவீதம் பேர் திரண்டு வந்து, அதில் 55 சதவீதம் 'வேண்டாம்' என்றார்கள். மூணே நாளில் நெதர்லாந்தும் 'வேண்டாம்' என்றது. தலைவர்கள் என்ன செய்தார்கள்? அதன் பெரும்பகுதியை 2007-ல் லிஸ்பன் ஒப்பந்தம் என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை அந்த இரண்டு நாட்டிலும் மக்களிடம் விடாமல் நாடாளுமன்றத்திலேயே நிறைவேற்றிக்கொண்டார்கள். அயர்லாந்தில் மட்டும் மக்களைக் கேட்காமல் முடியாது. 2008-ல் அவர்களும் 'வேண்டாம்' என்றார்கள். 2009-ல் மறுபடி கேட்டு 'சரி' வாங்கினார்கள். நியாயமாகச் சொன்னால், இரண்டாம் தடவை சும்மா வரவில்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஆணையத்தில் ஒரு இடம், வரி விஷயத்தில் கைவைக்க மாட்டோம் என்ற உறுதி, இதெல்லாம் கொடுத்தார்கள். இருந்தாலும், 'சரி' வரும் வரைக்கும் கேட்பாங்க என்ற கசப்பு பல இடங்களில் தங்கிவிட்டது.

பிரிட்டனைப் பாருங்கள். 2014 ஐரோப்பியத் தேர்தலுக்கு அங்கே வந்தவர்கள் 36 சதவீதம். இரண்டே வருஷத்தில், 2016-ல், ஒன்றியத்தில் இருப்பதா வெளியேறுவதா என்று கேட்டபோது 72 சதவீதம் வந்தார்கள். 52-க்கு 48 என்ற கணக்கில் வெளியேற்றம் ஜெயித்தது. 2020 ஜனவரி 31-ல் வெளியே போனார்கள். காரணம் பல சொல்வார்கள். நான் கவனித்தது ஒன்றுதான்: உள்ளே இருந்து பேச இடம் கொடுத்த நாளில் வராதவர்கள், கதவைச் சாத்தலாமா என்று கேட்ட நாளில் வந்தார்கள். அதற்குப் பிறகு மற்ற நாடுகளில் ஓட்டு கொஞ்சம் ஏறியிருக்கிறது. 2019-லும் 2024-லும் பாதியைத் தாண்டியது. சுலோவாக்கியாவே 2024-ல் 34 சதவீதத்துக்கு வந்தது.

எங்கள் அக்கா கேட்ட கேள்விக்கு இந்த வருஷம்தான் ஏதோ பதில் மாதிரி ஒன்று செய்தோம். தீர்மானங்களை எழுதி, பொதுக்குழுவுக்கு ஒரு மாசம் முன்னாலேயே ஒவ்வொரு குழுவிலும் வாசிக்க அனுப்பினோம். அக்கா கூட்டத்துக்கு வந்தாங்க. கட்டிட நிதித் தீர்மானத்துக்கு எதிராகக் கைதூக்கினாங்க. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போச்சு. செயலாளருக்கு வருத்தம்தான்.

குழுவில் பேச: உங்கள் தீர்மானப் புத்தகத்தை எடுத்து, கூட்டமைப்பின் கடைசி மூணு கூட்டத்துக்கு யார் போனார்கள், திரும்பி வந்து என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். நீங்கள் சொல்லி அனுப்பியதால் மேலே மாறிய முடிவு ஒன்றாவது உண்டா? எந்த விஷயத்தை மேலே விடலாம், எதைக் குழுவிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்? உள்கடன் வட்டியில் இருந்து பேச ஆரம்பியுங்கள்.