அறுவை வயிற்றில், ஆபத்து மூச்சில்!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

"வயித்துலதானே கத்தி வச்சாங்க? தோள்பட்டை ஏண்டி இப்படி வலிக்குது?"

சென்ற ஆண்டு எடைகுறைப்பு அறுவை செய்துகொண்ட மறுநாள் காலையில் என் பெரியம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விலங்கியல் படிக்கிறவளுக்கு மருத்துவமும் பாதியாவது தெரிந்திருக்கும் என்பது வீட்டாரின் நம்பிக்கை. ஆகவே துணைக்கு இருக்க என்னை அனுப்பியிருந்தார்கள். எனக்கோ விடை தெரியவில்லை. ஊர் திரும்பியபின் நம் நூலகத்தில் உடலியங்கியல் நூல்களைப் புரட்டியும், எங்கள் துறைப் பேராசிரியரைத் தொல்லைப்படுத்தியும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். பிழை இருப்பின் அது என்னுடையது, பேராசிரியருடையது அன்று.

பெரியம்மா இட்லிக் கடை நடத்துபவர். அப்போது எடை 118 கிலோ. சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் வேறு. இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்கை நீளவாக்கில் வெட்டி எடுத்து, எஞ்சியதை ஒரு குழாய் போல் ஆக்கிவிடும் அறுவை அவருக்கு நடந்தது. 1966-இல் அமெரிக்காவில் எட்வர்ட் மேசன் என்ற மருத்துவர் எடை குறைக்க இரைப்பையில் அறுவை செய்யத் தொடங்கிய காலத்தில் வயிற்றை நீளக் கீறித்தான் செய்தார்கள். இன்று நான்கைந்து துளைகள் போதும். துளை வழியே உள்ளே பார்க்க இடம் வேண்டுமல்லவா? அதற்காக வயிற்றைக் கரியமில வாயுவால் பந்து போல் உப்பச் செய்கிறார்கள். அது தீப்பற்றாது, குருதியில் விரைவில் கரைந்து நுரையீரல் வழியே வெளியேறிவிடும். ஆனால் மிச்சம் மீதி தங்கும் வாயு, வயிற்றுக்கும் மார்புக்கும் நடுவே கூரை போல் இருக்கும் உதரவிதானத்தை உறுத்துகிறது.

தோள் வலியின் இரகசியம் இங்கேதான் இருக்கிறது. உதரவிதானம் கருவில் உருவாகத் தொடங்கும் இடம் மார்பின் அடிப்பகுதி அன்று, கழுத்து! கரு வளர வளர அது கீழே இறங்குகிறது. இறங்கும்போது தன் நரம்பையும் கூடவே இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால்தான் உதரவிதான நரம்பு கழுத்தின் 3, 4, 5-ஆம் தண்டுவட நரம்புகளிலிருந்து புறப்பட்டு அவ்வளவு தூரம் பயணம் செய்கிறது. தோளின் மேற்புறத் தோலுக்கும் 3, 4-ஆம் நரம்புகளே உரியவை. ஒரே கம்பியில் இரண்டு வீட்டுச் செய்தி வந்தால் மூளை என்ன செய்யும்? தோள் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. கருவியல் வகுப்பில் தூங்கி வழிந்த பகுதி இது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

தோள் வலி சில நாளில் போய்விடும். மூச்சு விஷயம் அப்படி எளிதன்று. பள்ளியில் மணிச்சாடிக்குள் இரண்டு பலூன்களைக் கட்டி, அடியில் ரப்பர் தாளை இழுத்துக் காட்டுவார்களே, நினைவிருக்கிறதா? அந்த ரப்பர் தாள்தான் உதரவிதானம். அதன் அடியில் ஒரு கனத்த மூட்டையை வைத்து அழுத்தினால் பலூன் எப்படி விரியும்? பருமனான ஒருவர் மல்லாந்து படுக்கும்போது நடப்பது அதுவே. நாம் சாதாரணமாக மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரலில் சுமார் இரண்டே கால் லிட்டர் காற்று எஞ்சி நிற்கும். இது வீண் காற்று அன்று. நுண்ணிய காற்றறைகள் மூடிக்கொள்ளாமல் காக்கும் முட்டு. பருமனால் இந்த இருப்புக் குறைகிறது. மயக்க மருந்து அதை மேலும் குறைக்கிறது. காற்றறைகளின் உட்புறம் ஈரமானது. ஈரமான இரண்டு பாலித்தீன் தாள்கள் ஒட்டிக்கொள்வது போல் அவை ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். இதைத் தடுக்கக் காற்றறைச் சுவரிலுள்ள சில உயிரணுக்கள் சோப்புப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்தது இப்பொருள் போதாமையால்தான் என்பதை 1959-இல் மேரி எலன் ஏவரி, ஜெர் மீட் என்ற இருவர் கண்டறிந்தனர்.

இயற்கை இன்னொரு ஏற்பாடும் செய்திருக்கிறது. அதுதான் பெருமூச்சு! கவலையில் விடுவது என்றே நாம் எண்ணுகிறோம். உண்மையில் கவலையில்லாதவனும், ஏன், தூங்குகிறவனும்கூட, சில நிமிடங்களுக்கு ஒரு முறை தன்னையறியாமல் ஓர் ஆழ்மூச்சு எடுக்கிறான். மூடிய காற்றறைகள் அப்போது திறக்கின்றன. அறுவைக்குப் பின் வயிறு வலிப்பதால் நோயாளி மேலோட்டமாகவே மூச்சு விடுவார், பெருமூச்சு வராது, இருமவும் அஞ்சுவார். மூடியவை மூடியே கிடந்தால் சளி தங்கும், பின் நிமோனியா.

இதற்காகப் பெரியம்மாவின் கையில் ஒரு கருவியைக் கொடுத்தார்கள். மூன்று கண்ணாடிக் கூண்டுகளில் மூன்று உருண்டைகள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் ஒவ்வொன்றாக எழும்பும். பெரியம்மா முதல் நாள் முழுவதும் அடுப்பூதுவது போல் ஊதிக்கொண்டிருந்தார். உருண்டை அசையவில்லை. உறிஞ்ச வேண்டும் என்று செவிலியர் சொல்லியது எங்கள் இருவர் காதிலும் விழவில்லை போலும். ஆயினும் இக்கருவியை மந்திரக்கோலாக எண்ணிவிட வேண்டா. 2017-இல் அமெரிக்காவில் எடைகுறைப்பு அறுவை செய்துகொண்ட இருநூறுக்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வில், கருவி வைத்திருந்தோர்க்கும் இல்லாதோர்க்கும் நுரையீரல் கோளாறுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. மெய்யாக உதவுபவை தலைமாட்டை உயர்த்திச் சாய்ந்திருப்பது, வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு இருமுவது, அன்றைக்கே எழுந்து நடப்பது ஆகியவை.

இரவில் குறட்டையுடன் மூச்சு நின்று நின்று வருவோர்க்கு இன்னும் கவனம் வேண்டும். வலிபோக்கும் சில மருந்துகள் மூச்சை மேலும் தணிக்கும். நின்றபடியே உறங்கிவிடும் பருத்த பையன் ஒருவனைச் சார்லஸ் டிக்கன்ஸ் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் படைத்தார். 1956-இல் மருத்துவர்கள் பருமனால் வரும் மூச்சுக்குறைவு நோய்க்கு அந்த நாவலின் பெயரையே இட்டார்கள். ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு இது மகிழ்ச்சி தரலாம்.

இனி, இக்கட்டுரையை நான் எழுத நேர்ந்த காரணத்துக்கு வருகிறேன். வீடு திரும்பிய ஐந்தாம் நாள் மாலை பெரியம்மாவுக்குத் திடீரென மூச்சு வாங்கியது. "வாய்வுதான், ஓமத்தண்ணி குடுங்க" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. "அந்த உடம்புக்கு மூச்சு வாங்காம என்ன செய்யும்?" என்றார் பெரியப்பா. மருத்துவமனை கொடுத்த தாள் அலமாரியில் இருந்தது. இரண்டு பக்கமும் ஆங்கிலம். அங்கே அதை எங்களுக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் 'காலேஜில் படிக்கிறாய், இது தெரியாதா?' என்பார்களோ என்ற கூச்சம். அகராதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பக்கத்தின் அடிக்கு வந்தேன். மூச்சுத்திணறல், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120-க்கு மேல், காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்குதல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே வரவும் என்று போட்டிருந்தது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நாடியை எண்ணினேன். 124. இடது காலில் கொலுசு சதையில் பதிந்து கிடந்தது.

108 வண்டியில் போனோம். காலின் சிரையில் உறைந்த குருதிக்கட்டி ஒன்று பெயர்ந்து, இதயத்தைக் கடந்து நுரையீரல் தமனியில் அடைத்திருந்தது. குருதி தேங்குவது, குழாய்ச் சுவர் சிதைவது, குருதியின் உறையும் தன்மை கூடுவது என்ற மூன்றையும் உறைவின் காரணங்களாகக் காட்டும் விளக்கம் 1856-இல் விர்ச்சோ செய்த ஆய்வுகளிலிருந்து வருவது. அறுவை, படுக்கை, பருமன் மூன்றும் ஓரிடத்தில் சேரும்போது இவையும் சேர்ந்துவிடுகின்றன. உறையாமலிருக்க ஊசி போட்டிருந்தும் சிலருக்கு இது நேர்கிறது. அதுவும் வீட்டுக்கு வந்த பிறகு. இரைப்பைத் தையலில் கசிவு ஏற்பட்டாலும் முதலில் தெரிவது வயிற்றுவலியாக இல்லாமல் விரைந்த நாடியாகவும் மூச்சுத்திணறலாகவும் இருக்கக்கூடும். வாய்வா, கட்டியா, கசிவா என்று வீட்டில் உட்கார்ந்து பிரித்தறிய முடியாது. ஸ்கேன் எடுத்துத்தான் மருத்துவர்களே சொன்னார்கள்.

பெரியம்மா ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். பிறகு மாதக்கணக்கில் உறைவைத் தடுக்கும் மாத்திரை. இப்போது எடை 91 கிலோ. விடியற்காலை நான்கு மணிக்கு மாவுப் பானையைத் தாமே தூக்குகிறார்.

அந்தத் தாளின் இரண்டாம் பக்கத்தை நான் தமிழில் எழுதி, மறுபரிசோதனைக்குப் போனபோது அந்த வார்டு செவிலியரிடம் கொடுத்தேன். நாடியை எண்ணும் விதத்தையும் அதில் படம் போட்டிருந்தேன். அவர் படித்துப் பார்த்து, ஒரு சொல்லைத் திருத்தி, மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்துக்கொண்டார்.