விடுதலைக்கு முந்தைய ஐந்து மாதங்கள்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர்க் கோயில் கொடையில் நடந்த அடிதடியில் கொலை முயற்சி வழக்காகி, என் தம்பிக்கு ஏழு வருடம் தண்டனை விழுந்தது. பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருக்கிறான். சித்திரையில் வெளியே வருவான் என்று வக்கீல் சொல்கிறார். குற்றாலம் ஐந்தருவி பக்கம் பழக்கடை வைத்திருக்கும் எங்கள் மாமா, “சீசனுக்கு என் கடையில் உட்காரட்டும்” என்கிறார். ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள் அம்மா. சிறைக்குள் ஏதேதோ வகுப்பு நடக்கிறதாம். மனு போட்டுப் பார்க்கப் போனால், “இனி ஒழுங்கா இருப்பேன்க்கா” என்கிறான். நம்பலாமா? நான் பீடி சுற்றிப் பிழைப்பவள், படிப்பு குறைவு. என்னால் அவனுக்கு என்ன செய்ய முடியும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, இலஞ்சி

பதில்: சகோதரி, அவன் வந்து சேர்ந்த பிறகு எழுதாமல் இப்போதே எழுதினீர்களே, அது பெரிய காரியம். சிறைக்குப் போனவர்களின் குடும்பங்களோடு பல வருடங்களாகப் பழகி வருகிறேன். விடுதலை நாளன்று பாளையங்கோட்டைக்கு வேன் பிடிப்பதில் காட்டும் அக்கறையை, மறுநாள் காலை எழுந்ததும் அவன் என்ன செய்வான் என்று யோசிப்பதில் பல வீடுகள் காட்டுவதில்லை.

நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் மனதாரத்தான் சொல்கிறான், நம்புங்கள். ஆனால் அந்தச் சொல்லை வெளியே வந்து காப்பாற்ற அவனுக்கு இப்போது தெம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, எந்நேரம் லாக்கப்புக்குள் போவது என்று இத்தனை வருடமும் அவனுக்காக வேறு யாரோ முடிவு செய்தார்கள். முடிவெடுக்கிற பழக்கமே விட்டுப்போயிருக்கும். விடுதலையானவர்களில் சிலர், டீயா காபியா என்று கேட்டாலே திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஊரெல்லாம் செல்போனில் பணம் அனுப்பும்போது தனக்கு மட்டும் தெரியவில்லையே என்று கூசி, கடைக்குப் போவதையே நிறுத்தியவர்களும் உண்டு. அந்த நிலையில் இருப்பவனிடம் வந்த அன்றே “இந்தக் கடையில் உட்காரு, இந்தப் பெண்ணைக் கட்டிக்கோ” என்றால், ஜெயிலர் பார்த்த வேலையை வீட்டார் கையில் எடுத்துக்கொண்டதாகத்தான் ஆகும்.

சிறைக்குள் நடக்கும் வகுப்புகளைக் குறைவாக நினைக்காதீர்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ தேர்வுகளைத் தமிழ்நாட்டுச் சிறைவாசிகள் ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லாமல் பட்டப்படிப்பும் படிக்கலாம். பாளையங்கோட்டையில் சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்க்கில் சிறைவாசிகளே வேலை பார்க்கிறார்கள். தினமும் பொதுமக்களின் பணத்தை வாங்கிக் கணக்குக் கொடுத்த ஒருவர், நாளை ஒரு முதலாளியிடம் அதைத் தெம்பாகச் சொல்லிக்கொள்ளலாம். உங்கள் தம்பி எதைக் கற்றான் என்று கேளுங்கள். சான்றிதழ் இருந்தால் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் வகுப்பு சிறை வாசலோடு முடிந்துவிடும். நான் அதிகப் பலன் கண்டது, ஒரே ஆள் உள்ளே இருக்கும்போதே பேசத் தொடங்கி, வெளியே வந்த பிறகும் ஒரு வருடமாவது கூடவே நிற்பதில். அவருக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பொறுமையாகக் கேட்கத் தெரிய வேண்டும், புத்தி சொல்வதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆளாக நீங்களே இருக்கலாம்.

அடுத்த மனுவின்போது “வந்து என்னடா செய்யப் போற?” என்று மொத்தமாகக் கேட்காதீர்கள். அதற்கு யாரிடமும் பதில் இருக்காது. “வெளியே வந்த மறுநாள் காலையில் முதலில் எங்கே போவே?” என்று கேளுங்கள். “யாரைப் பார்க்கக் கூடாதுன்னு நினைக்கிறே? அவன் வீட்டு வாசலுக்கே வந்துட்டா என்ன சொல்லுவே?” என்று கேளுங்கள். அவன் சொல்வது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் உடனே திருத்தாதீர்கள். அடுத்த முறை போகும்போது, “போன தடவை இப்படிச் சொன்னியே, இப்பவும் அதேதானா?” என்று மட்டும் கேளுங்கள். தன் வாயால் சொன்னதைத் தானே திரும்பக் கேட்கும்போதுதான் மனிதன் யோசிக்கிறான். அவன் அடித்த ஆளைப் பற்றியும் ஒருநாள் பேச வேண்டும். சிறைவாசி சம்பாதிக்கும் கூலியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குச் சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-லேயே சொல்லியிருக்கிறது. அடிபட்ட அந்த மனுஷனுக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது என்பதை அவன் பேசி உணராமல், “ஒழுங்கா இருப்பேன்” என்பதற்குப் பலம் வராது. அதற்காக, வெளியே வந்ததும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று அந்த வீட்டுக்குப் போய் நிற்க விடாதீர்கள். அவர்கள் விரும்பாமல் அது நடக்கக் கூடாது.

இனி மாமாவின் கடை. ஆனியிலும் ஆடியிலும் சாரல் அடிக்கும்போது குற்றாலத்தில் வேலைக்குப் பஞ்சமில்லை. மங்குஸ்தான், ரம்புட்டான் விற்கலாம், சிப்ஸ் கடையில் நிற்கலாம், கையில் அன்றாடம் காசு பார்க்கலாம். ஆனால் அதே சீசனில்தான் குடித்துவிட்டு வரும் கூட்டம், வண்டி நிறுத்துவதில் தகராறு, இரவெல்லாம் விழிப்பு, போலீஸ் கெடுபிடி எல்லாம் உண்டு. தகராறில் உள்ளே போனவனுக்கு இது முதல் வேலையாக அமைவதை நான் விரும்பவில்லை. ஆவணி கழிந்து கூட்டம் வடிந்ததும் கை சும்மா இருக்கும், அதுதான் இன்னும் ஆபத்து. செங்கோட்டைப் பக்கம் மரமில், கீழப்பாவூர்ப் பக்கம் அரிசி ஆலை, சங்கரன்கோவிலில் விசைத்தறி என்று வருடம் முழுக்க ஓடும் வேலை, கூலி குறைவானாலும் மேல். இதையும் நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். இரண்டையும் அவன் முன்னால் வையுங்கள், அவன் தேர்ந்தெடுக்கட்டும். முதலாளியிடம் மட்டும் வழக்கை மறைக்க வேண்டாம். பிறகு தெரியவந்து பறிபோகும் வேலை, மனதையும் உடைத்துவிட்டுப் போகும்.

கல்யாணத்தை ஒரு வருடமாவது தள்ளிப்போடுங்கள். திருத்துவதற்கென்று ஒரு பெண்ணைக் கொண்டு வருவது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் அநியாயம். அம்மாவிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

எந்த ஊரில் தங்குவான் என்பதையும் இப்போதே பேசுங்கள். கொடைத் தகராறு என்கிறீர்கள். நம் பக்கத்தில் அதன் அடியில் பெரும்பாலும் என்ன கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பாளையங்கோட்டைச் சிறைக்குள்ளேயே சாதி வாரியாகப் பிரித்து அடைத்திருந்தது, நாடு முழுவதற்குமான ஒரு வழக்கில் எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டது. 2024 அக்டோபர் 3-ஆம் தேதி, சிறைகளில் சாதிப் பாகுபாடு கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்டுக்கணக்கில் தன் ஆட்களோடு மட்டுமே இருந்தவன், பழைய பகை ஆறாத தெருவுக்கு நேராகத் திரும்புவது நல்லதில்லை. தென்காசியிலோ கடையத்திலோ உறவினர் வீடு இருந்தால் சில மாதங்கள் அங்கே தங்குவது பற்றி அவனிடம் கேளுங்கள்.

போலீஸ் விஷயத்தில் ஒளியாதீர்கள். அவன் வந்த வாரமே ஒரு வக்கீலோடு ஸ்டேஷனுக்குப் போய், எங்கே தங்குகிறான், என்ன வேலை பார்க்கிறான் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 107, 110 பிரிவுகள் இப்போது புதிய சட்டத்தில் 126, 129 ஆக இருக்கின்றன. அவற்றின்படி ஆர்டிஓ முன்னால் நன்னடத்தை ஜாமீன் கேட்டு நோட்டீஸ் வந்தால் பயந்து ஊரைவிட்டு ஓடக் கூடாது. வக்கீலோடு ஆஜரானால் போதும். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். தூக்கமில்லாமல் தவித்தாலோ மனம் சோர்ந்தாலோ 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். குடிப்பழக்கம் முன்பே இருந்திருந்தால் நேராக அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதற்குப் பேச்சுத் துணை மட்டும் போதாது.

இப்படிக் கூட நிற்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு சிங்கப்பூரைக் காட்டுவேன். அங்கே 2004-இல் மஞ்சள் ரிப்பன் இயக்கத்தைத் தொடங்கி, விடுதலையாகி வருபவர்களுக்கு வேலை, துணை, ஊராரின் மனமாற்றம் மூன்றுக்கும் சேர்த்து உழைத்தார்கள். 1990-களின் கடைசியில் வெளியே வந்தவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இரண்டே வருடத்தில் திரும்ப உள்ளே போனார்கள். இப்போது அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. நம் மாநிலத்திலும், விடுதலையாகும் சிறைவாசிகளுக்கு உதவுவதற்கென்றே ஒரு சங்கம் 1921 முதல் இருக்கிறது. சுயதொழிலுக்கு அதன் மூலம் உதவி கேட்கலாம். அதற்கு வழி, சிறையிலிருக்கும் நல அலுவலர்தான். தண்டனை முடிந்ததும் அவனுக்கு ஓட்டுரிமையும் திரும்ப வருகிறது, இதை அவனிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அடுத்த முறை பாளையங்கோட்டைக்குப் போகும்போது அவனுடைய ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல் இரண்டையும் எடுத்துப் போங்கள். ரேஷன் கார்டில் அவன் பெயர் இன்னும் இருக்கிறதா என்று முன்னதாகப் பார்த்துவிடுங்கள். தம்பியைப் பார்த்து முடித்ததும் நல அலுவலரைக் கேட்டுப் பார்த்து, விடுதலைத் தேதியையும் உதவிக்கான விண்ணப்பத்தையும் பற்றி விசாரியுங்கள். தை பிறப்பதற்குள் இதை முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.