புதிய மீன்தொட்டியும் நைத்திரேற்றாக்கமும்

புதிதாக நீர் நிரப்பிய தொட்டியில் உடனே மீன்களை விட்டால், நீர் தெளிவாக இருக்கும்போதே சில நாட்களில் அவை இறக்கக்கூடும். காரணம் யாது?

மீன்கள் தமது பூக்களினூடாக (செவுள்கள்) அமோனியாவைக் கழிக்கின்றன. எஞ்சிய உணவும் கழிவும் அழுகும்போதும் அமோனியா உண்டாகும். அது நிறமற்ற நஞ்சு. பற்றீரியாக்கள் அதனை இரு படிகளில் மாற்றுகின்றன.

படி 1: அமோனியா → நைத்திரைற்று (நைத்திரோசோமோனாசு)
படி 2: நைத்திரைற்று → நைத்திரேற்று (நைத்திரோபக்டர், நைத்திரோசுபைரா)

நைத்திரைற்றும் நஞ்சே, அது குருதி ஒட்சிசனைக் காவுவதைத் தடுக்கும். நைத்திரேற்றின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. நீர்த்தாவரங்கள் அதனை உறிஞ்சும்.

மீன் இன்றிப் பற்றீரியாக்களைப் பெருக்கும் முறை

1. குழாய்நீரிலுள்ள குளோரீன் பற்றீரியாக்களைக் கொல்லும். எனவே நீரை ஒரு நாள் திறந்து வைத்துக் காற்றூட்டுக.
2. வடிகட்டியை இடைவிடாது இயக்குக. இப்பற்றீரியாக்கள் பஞ்சிலும் சரளைக்கல்லிலும் ஒட்டி வாழ்வன. அவற்றுக்கு ஒட்சிசன் அவசியம்.
3. வாசனைப் பொருளோ சவர்க்காரமோ கலவாத அமோனியாக் கரைசலை, செறிவு லீற்றருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் ஆகும்வரை சேர்க்குக. குறையும்போது மீண்டும் சேர்க்குக.
4. சோதனைப் பொதியினால் நீரை அடிக்கடி சோதிக்குக. முதலில் நைத்திரைற்று உயரும். பின்னர் அது குறைய நைத்திரேற்று உயரும். இதற்குப் பொதுவாக 4 - 6 வாரங்கள் செல்லும். நோயற்ற பழைய தொட்டியின் பஞ்சை இட்டால் காலம் குறையும்.
5. சேர்த்த 2 மில்லிகிராம் அமோனியா 24 மணித்தியாலத்தில் மறைந்து, நைத்திரைற்றும் பூச்சியமாயின் தொட்டி தயார். நீரின் பெரும்பகுதியை மாற்றி, மீன்களைச் சிறிது சிறிதாக விடுக.

கவனிக்க: “அமோனியா பூச்சியமானதும் மீன் விடலாம்” என எழுதுவது தவறு. அவ்வேளையில் நைத்திரைற்று உச்சத்தில் இருக்கக்கூடும்.

மாதிரி வினா: வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் நன்கு கழுவிய பின் மீன்கள் நோயுற்றன. விளக்குக.

விடை: குழாய்நீரின் குளோரீனால் பஞ்சிலிருந்த நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள் அழிந்தன. அதனால் அமோனியாவும் நைத்திரைற்றும் நீரில் சேர்ந்தன. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுதல் வேண்டும்.