அலுவிகாரையில் பற்றிக் பழகப் போகிறீர்களா?

மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே, ஏ9 வீதியில் அலுவிகாரை. 1922இல் பிறந்த ஏனா டி சில்வா தம் பூர்வீக ஊரான இங்கே கிராமத்துப் பெண்களைச் சேர்த்து பற்றிக், தையல் பட்டறையை வளர்த்தார். பித்தளை வார்ப்பும் மரவேலையும் பின்னர் சேர்ந்தன. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை ஹோட்டலின் பற்றிக் கூரை ஏனாவின் கைவண்ணமே.

இப்படியான பட்டறைக்குப் போகுமுன் பயிற்சி உண்டா என்று விசாரித்துவிடுங்கள். எல்லா நாளும் கற்றுத்தர ஆள் இருக்காது. பழைய சட்டையே போதும். சாயம் பட்டால் போகாது. துணி கொண்டுபோனால் சுத்தப் பருத்தியாக இருக்கட்டும். பொலியெஸ்டரில் பற்றிக் சாயம் ஏறாது. புதுத் துணியென்றால் கஞ்சி போக அலசிக் காயவைத்து எடுத்துச் செல்லுங்கள்.

மெழுகில்தான் எல்லாமே. உருக்கிய மெழுகால் கோடு இழுத்ததும் துணியைத் திருப்பிப் பாருங்கள். மறுபக்கமும் எண்ணெய் பட்டதுபோல் தெரிந்தால் சரி; மேலே வெள்ளையாகப் படிந்து நின்றால் மெழுகு ஆறிவிட்டது, சாயம் அடியால் புகுந்துவிடும். உருகும் மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியால் மூடுங்கள். சாயம் இளநிறத்திலிருந்து கடும் நிறத்துக்கு. மஞ்சளுக்குப் பிறகே சிவப்பு.

ஒரே நாளில் சேலை முடிக்கலாமென்று ஆசைப்படாதீர்கள், கைக்குட்டை அளவே அதிகம். நேரம் மிஞ்சினால் பக்கத்துக் குகை விகாரைக்குப் போங்கள்: பௌத்த மறையான திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் அது.