எதைச் சொல்லாமல் விடுவது? – மாணவர் உருவாக்கும் புத்தக முன்னோட்டம்

திரைப்படம் வெளிவருவதற்கு முன்பே அதன் டிரெய்லரை மனப்பாடமாகச் சொல்லும் மாணவர்கள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். படித்த புத்தகத்துக்கும் அப்படி ஒரு நிமிட முன்னோட்டம் தயாரிக்கலாம் என்றால் உற்சாகமாக வருவார்கள். ஆனால் தொடக்கத்திலேயே செல்பேசியைக் கொடுத்துவிட்டால் பின்னணி இசையிலும் எழுத்தின் வண்ணத்திலும் நேரம் போய்விடும். வாசிப்பும் எழுத்தும் அதற்கு முந்தைய பாடவேளைகளில், தாளும் பென்சிலும் மட்டும் இருக்கும்போதுதான் நடக்கின்றன.

நூல் அறிமுகம் எழுதச் சொன்னால் பின்னட்டையைப் பார்த்தே முடித்துவிட முடியும். ‘இது மிகவும் நல்ல நூல், அனைவரும் படிக்க வேண்டும்’ என்ற வரியை நாம் எத்தனை குறிப்பேடுகளில் திருத்தியிருப்போம்! முன்னோட்டத்தில் இந்தத் தந்திரம் எடுபடாது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்ய, முழுக்கதையும் தெரிந்திருக்க வேண்டும்.

எட்டாம் வகுப்பில் இதற்கு எடுத்துக்கொண்ட நூல், தெத்சுகோ குரோயாநாகி எழுதிய ‘டோட்டோ சான்’. 1981இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்த இந்நூல் தமிழிலும் கிடைக்கிறது. ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த டோமோயி பள்ளியின் கதை இது. போரின்போது குண்டுவீச்சில் அந்தப் பள்ளி எரிந்துபோகிறது. பள்ளி எரிவதை முன்னோட்டத்தில் காட்டலாமா என்பதில்தான் வாதம் சூடுபிடித்தது. “அதுதான் சார் பரபரப்பான காட்சி” என்றது ஒரு குழு. “முடிவைச் சொல்லிவிட்டால் யார் படிப்பார்கள்?” என்றது மற்றொன்று. போர் வருவதை நூலாசிரியர் முன்கூட்டியே எங்காவது உணர்த்துகிறாரா என்று தேடச் சொன்னதும் எல்லோரும் மறுபடி புத்தகத்துக்குள் போனார்கள். ரயில் நிலையத்து மிட்டாய் இயந்திரம் காலியாகக் கிடக்கும் இடத்தை ஒரு மாணவி கண்டுபிடித்தாள். காலி இயந்திரத்தின் படம், மூன்று நொடி மௌனம் என்று அந்தக் குழு முடிவு செய்தது. தீயைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. குறிப்பால் உணர்த்துதல் என்பதை விளக்க எனக்குத் தனிப் பாடவேளை தேவைப்படவில்லை.

பிறகு எழுத்து. தாளை இரண்டாக மடித்து இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் குரல். குரலுக்கு 60 அல்லது 70 சொற்கள்தான் அனுமதி. முதல் வரைவு இப்படி இருந்தது: ‘டோட்டோ சான் ஒரு குறும்புக்காரச் சிறுமி. அவள் ஒரு பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு வேறு பள்ளியில் சேர்ந்து மகிழ்ச்சியாகப் படித்தாள்.’ மூன்றாம் வரைவு: ‘முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு நீக்கிவிட்டார்கள். அது அவளுக்கே தெரியாது. புதிய பள்ளியின் தலைமையாசிரியர் அவள் பேசுவதைக் கேட்டார். நான்கு மணி நேரம்!’ இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, என்ன மாறியது என்று கேட்டேன். ‘குறும்புக்கார’, ‘மகிழ்ச்சியாக’ என்ற சொற்கள் போய்விட்டன, நடந்தவை மட்டும் நிற்கின்றன என்றார்கள். அவர்களாகவே சொன்னதால் அடுத்த கட்டுரையிலும் அது தெரிந்தது.

படப்பிடிப்புக்கு ஒரு பாடவேளை போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் குரலைப் பதிவு செய்யுங்கள். நூலில் உள்ள படங்களுக்குப் பதில் மாணவர் வரைந்தவை, திரைப்பாடலுக்குப் பதில் மேசையில் தட்டும் தாளம் என்று வைத்துக்கொண்டால் காப்புரிமைச் சிக்கல் வராது. மாணவர் முகம் தெரியும் காணொலியைப் பெற்றோர் ஒப்புதலின்றிச் சமூக ஊடகத்தில் பகிரக் கூடாது.

தொடக்க வகுப்புகளில் கருவியே வேண்டாம். வாசிப்பு இயக்கச் சிறுநூல் ஒன்று, மூன்று படங்கள், விடை சொல்லாத ஒரு கேள்வி. காலை வணக்கக் கூட்டத்தில் நேரடியாகவே நடத்திக் காட்டலாம்.

மதிப்பீட்டுக்குப் படத்தொகுப்பின் நேர்த்தியைப் பார்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. முன்னோட்டத்தைப் பார்த்து நூலை எடுத்துப் படித்தவர், தயாரித்த குழுவுக்கு ஒரு பத்தி எழுதட்டும். முன்னோட்டம் நூலுக்கு நேர்மையாக இருந்ததா, எதை விட்டிருக்கக் கூடாது? போலியோவால் பாதிக்கப்பட்ட யசுவாகியை டோட்டோ சான் மரத்தில் ஏற்றிவிடும் இடம் ஏன் வரவில்லை என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். அதற்குக் குழு எழுத்தில் பதில் தர வேண்டும், பக்க எண்ணோடு.